நைட்டியில் இருந்த சீட்டு

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம் என்று எழுதத்தான் ஆசை. இப்போதைக்கு முக்கால்வாசி சௌக்கியம் என்று வைத்துக்கொள். அத்தானுடைய தோள்வலி தேவலையா, இன்னும் இஸ்திரிப் பெட்டியை இடது கையால்தான் தள்ளுகிறாரா?

பதறாமல் படி. வருகிற பதிமூன்றாம் தேதி எனக்கு ஒரு சின்ன ஆபரேஷன். ஆறேழு மாதமாகவே மாதவிலக்கு சரியில்லை. வந்தால் கொட்டித் தீர்க்கிறது, நின்ற பிறகும் நடுநடுவே ரத்தம் பட்டுக்கொண்டே இருக்கிறது. நாற்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவள் நான். பாதி வழியில் இப்படி ஆனால் வண்டியை ஓரம் கட்டிவிட்டு எங்கே ஓடுவது? போன மாதம் ஒருநாள் கறுப்புப் பேன்ட்டால்தான் மானம் தப்பியது.

ஸ்கேன் பார்த்தார்கள். கருப்பைக்குள் ஒரு சதை வளர்ந்திருக்கிறதாம். பாலிப் என்கிறார்கள். கடலை அளவுதான். வயிற்றைக் கிழிக்க வேண்டாம், கீழ் வழியாகவே மெல்லிய குழாயை விட்டு, கேமராவில் பார்த்துக்கொண்டே எடுத்துவிடுவார்களாம். காலையில் போனால் சாயங்காலம் வீடு. எனக்குத் துளிக்கூடப் பயமில்லை.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ பல்லைக் கடிப்பது இங்கே கேட்கிறது. போனில் மூன்றாவது நிமிஷம் நமக்குள் சண்டை வருகிறது என்றுதானே இனிமேல் கடிதம் மட்டும் என்று முடிவெடுத்தோம்? யோசனை உன்னுடையது. சலவைக்கு வந்த விடுதி விரிப்புகளையெல்லாம் போட்டுவிட்டு ஓடி வராதே. உன் மாப்பிள்ளை இருக்கிறார், பார்த்துக்கொள்வார்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் வாலு

---

பிப்ரவரி 8

அடி வாலு,

முக்கால்வாசி சௌக்கியமாம். கடிதம் எழுதும்போதும் உன் கொழுப்பு அடங்கவில்லை. நானும் உன் அத்தானும் நன்றாக இருக்கிறோம். தோள்வலி அப்படியேதான். டாக்டரிடம் போகச் சொன்னால் "போலாம், போலாம்" என்கிறார்.

ஆறேழு மாதம் பொறுத்துக்கொண்டு இருந்திருக்கிறாயே, உனக்கு அறிவு இருக்கிறதா? பஸ்ஸில் சின்னச் சத்தம் வந்தாலே ஒர்க்‌ஷாப்புக்கு ஓடுகிறவள், உடம்பில் என்றால் இவ்வளவு நாளா?

நாலு நைட்டி பார்சலில் அனுப்பியிருக்கிறேன். இடுப்பில் இறுக்காத துணி. எனக்கென்று வாங்கிப் போட்டவைதான். பழகின துணி உடம்புக்கு இதமாக இருக்கும், மூஞ்சியைச் சுளிக்காதே. ஆபரேஷனுக்குப் பிறகு கறை பட்டால் உடனே பச்சைத் தண்ணீரில் போடு. வெந்நீரில் போட்டால் ரத்தம் நூலோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் நான் வந்தால்கூடப் போகாது. முப்பது வருஷமாகச் சலவைக்கடை வைத்திருப்பவள் சொல்கிறேன்.

இன்னொன்று. கடைக்கு வருகிற ஒரு அம்மா கேட்கச் சொன்னார். அவருக்கு வயது ஐம்பத்தைந்து. மாதவிலக்கு நின்று நாலு வருஷமாகிவிட்டது. இப்போது திடீரென்று லேசாகப் படுகிறதாம். வலி ஒன்றும் இல்லையாம். அதுவும் உனக்கு வந்த மாதிரிதானா? வலியில்லை என்றால் சும்மா விட்டுவிடலாமா? டாக்டரிடம் பேச்சுவாக்கில் கேட்டு எழுது. எனக்கில்லை, அந்த அம்மாவுக்கு.

தைரியமாகப் போய் வா. மாப்பிள்ளையைச் சமையலறைப் பக்கம் ரொம்ப விடாதே.

அக்கா

---

பிப்ரவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். நன்றாகவே இருக்கிறேன். இதை முதலில் எழுதிவிட்டேன், இனி நிதானமாகப் படி.

காலை ஏழு மணிக்குப் போனோம். பச்சை அங்கியை மாட்டிவிட்டுப் படுக்கச் சொன்னார்கள். மயக்க மருந்து கொடுத்தவர் "பத்துலேர்ந்து கீழ எண்ணுங்க" என்றார். எட்டு வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. கண்ணைத் திறந்தால் வேறு ரூமில் இருக்கிறேன். "எப்பம்மா ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டேன். நர்ஸ் சிரித்துவிட்டு, "முடிஞ்சு அரை மணி நேரமாச்சு, டீ குடிக்கிறீங்களா?" என்றாள். அவ்வளவுதான் அக்கா, இதுக்கா இத்தனை நாள் பொறுத்தேன்!

அடிவயிற்றில் மாதவிலக்கு வலி மாதிரி இரண்டு நாள் பிடித்தது. மாத்திரை போட்டேன், அடங்கிவிட்டது. ரத்தம் லேசாகப் படுகிறது, இரண்டு வாரம்வரை இப்படித்தான் இருக்குமாம். காய்ச்சல் வந்தாலோ, வாடை அடித்தாலோ, ரத்தம் மளமளவென்று போனாலோ உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை. ஒரு வாரத்துக்குப் பஸ் கிடையாது, கனமாக எதையும் தூக்கக்கூடாது. உன் மாப்பிள்ளை அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுவிட்டார். நேற்று தண்ணீர்ச் சொம்பைக்கூடக் கையிலிருந்து பிடுங்கினார். ஊரில் எல்லார் வீட்டுக்கும் ஒயரிங் செய்கிற மனுஷனுக்கு நம் வீட்டு அடுப்பை எப்படிக் குறைப்பது என்று தெரியவில்லை. மூன்று நாளாகக் கருகின சோறு. பேசாமல் சாப்பிடுகிறேன், பாவம்.

எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். பத்து நாளில் தெரியும்.

உன் கடைக்கு வருகிற அம்மாவைப் பற்றிக் கேட்டேன். டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நின்னதுக்கப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் வந்து காட்டணும். வலி இருக்கா இல்லையாங்கறது பேச்சே இல்ல. முக்கால்வாசிப் பேருக்கு ஒண்ணும் இருக்காது, ஆனா பாக்காம சொல்ல முடியாது" என்றார். இதை அப்படியே அந்த அம்மாவிடம் சொல். நாளைக்கே போகச் சொல்.

பார்சல் இன்னும் வரவில்லை.

உன் வாலு

---

பிப்ரவரி 23

அன்புள்ள வாலு,

உன் கடிதம் வந்த அன்று கடையில் யார் என்ன கேட்டாலும் சிரித்துக்கொண்டே இருந்தேனாம், உன் அத்தான் சொன்னார். நல்லா இருடி.

இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்களா? வேளாவேளைக்குப் போடு. ஒரு வாரம் என்றால் பத்து நாள் படு. பஸ் எங்கேயும் ஓடிப்போகாது.

இங்கே தலைக்கு மேல் வேலை. விடுதியிலிருந்து ஒரே நாளில் நூற்றிருபது விரிப்பு. புதிதாக ஒரு மெஷின் வாங்கியிருக்கிறோம், அது சுற்றும்போது கடையே ஆடுகிறது.

அந்த அம்மாவிடம் சொன்னேன். அவருக்கு இப்போது நின்றுவிட்டதாம். அதனால் விட்டுவிட்டார்.

குழாய் விட்டார்கள் என்கிறாயே, நிஜமாகவே வலிக்கவில்லையா? என்னைச் சமாதானப்படுத்த எழுதினாயா? பரிசோதனையில் என்ன வந்தது என்று உடனே எழுது.

அக்கா

---

மார்ச் 3

அக்கா,

முதலில் நல்ல சேதி. பரிசோதனையில் ஒன்றுமில்லை. சாதாரண சதைதானாம், கெட்டது எதுவும் கிடையாது. ரத்தம் படுவதும் நின்றுவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து பஸ் ஓட்டுகிறேன். கிளட்ச்சை மிதிக்கும்போது வயிறு என்ன சொல்லுமோ என்று பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகள் டிரைவர் சீட்டில் "நல்வரவு" என்று காகிதம் ஒட்டி வைத்திருந்தார்கள். மாத்திரை போடுகிறேன். முன்பெல்லாம் மாடி ஏறினால் மூச்சு வாங்கும், இப்போது வாங்குவதில்லை.

இரண்டாவது சேதி. உன் பார்சல் நேற்றுத்தான் வந்தது. எங்கெங்கே சுற்றிவிட்டு வந்ததோ. உன் மாப்பிள்ளைதான் பிரித்தார். மூன்றாவது நைட்டியை உதறும்போது "ஆ" என்று கையை உதறினார். உள்பக்கத் தையலில் ஒரு ஊக்கு. ஊக்கில் ஒரு சீட்டு.

உன் கடைக்கு வருகிற ஒவ்வொரு துணியிலும் நீ குத்துகிற சீட்டுதான். யார் வீடு, என்ன கறை, எதில் ஊறப்போட்டது, எத்தனையாவது தடவை. சின்ன வயதில் உன் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை சீட்டு கிழித்துக் கொடுத்திருக்கிறேன், உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? படிக்கிறேன், கேள்.

"வீடு. ஜனவரி 28. ரத்தம். பச்சைத் தண்ணீர், உப்பு. மூன்றாம் முறை."

சொந்தத் துணிக்கும் சீட்டுக் குத்துகிற ஒரே பெண் இந்த உலகத்தில் நீதான். அவசரத்தில் கழற்ற மறந்துவிட்டாய். உன் வயது ஐம்பத்தைந்து. உனக்கு நின்று நாலு வருஷமாகிறது. கடைக்கு வருகிற அம்மா யார் அக்கா?

வாலு

---

மார்ச் 18

அன்புள்ள வாலு,

இங்கே யாவரும் நலம். பரிசோதனையில் நல்லபடியாக வந்ததில் மனசு குளிர்ந்தது. பிள்ளைகள் காகிதம் ஒட்டியது ரொம்பப் பிடித்தது.

புது மெஷின் இப்போது ஆடுவதில்லை, அடியில் ரப்பர் வைத்தோம். வெயில் நன்றாக இருக்கிறது, விரிப்பெல்லாம் மதியத்துக்குள் காய்ந்துவிடுகிறது. பக்கத்துக் கடைக்காரர் கண்ணாடிக் கதவு போட்டிருக்கிறார், போகிறவர் வருகிறவர் எல்லாம் முட்டிக்கொள்கிறார்கள்.

அது எப்போதோ குத்தின சீட்டு. அதைப் போய்ப் பெரிதுபடுத்தாதே.

மாப்பிள்ளையின் கை ஆறிவிட்டதா?

அக்கா

---

மார்ச் 22

அக்கா,

மாப்பிள்ளையின் கை ஆறிவிட்டது. எனக்குத்தான் ஆறவில்லை.

எப்போதோ குத்தின சீட்டா? ஜனவரி இருபத்தெட்டு என்று நீயே தேதி போட்டிருக்கிறாய். யாரிடம் பூசி மெழுகுகிறாய்? இந்தக் கடிதத்துக்குப் பதினைந்து நாள் எடுத்துக்கொண்டாய், அதிலும் பக்கத்துக் கடைக் கதவைப் பற்றி நாலு வரி எழுதுகிறாய். உன் வியாதி எனக்குப் புரிந்துவிட்டது. எந்தக் கறையானாலும் உன்னால் எடுத்துவிட முடிகிறது. எடுத்தவுடன் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று ஆகிவிடுகிறது. துணி வெளுத்துவிட்டது, சரி. உடம்பு?

உனக்குச் சித்தி ஞாபகம்தானே? ஆஸ்பத்திரிக்குப் போனாள், திரும்பி வரவில்லை. அதைத்தானே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய்? சித்தி ஆஸ்பத்திரிக்குப் போனதால் சாகவில்லை அக்கா. ஒன்றரை வருஷம் ரத்தம் பட்டதை யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டுப் போனாள், அதனால் செத்தாள். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது, எனக்கே தெரிந்தது. உனக்குத் தெரியாதா?

நானும் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். எனக்குத் துளிக்கூடப் பயமில்லை என்று எழுதினேனே, அது பச்சைப் பொய். ஆபரேஷன் அன்று காலையில் பல் தேய்க்கும்போது பிரஷ் இரண்டு தடவை நழுவிக் கீழே விழுந்தது. அந்தப் பத்து நாள் இருக்கிறதே, பரிசோதனை வரும்வரை, போன் அடித்தாலே ஆஸ்பத்திரியோ என்று ஓடினேன். உன் மாப்பிள்ளை கருக்கின சோற்றை நான் பேசாமல் சாப்பிட்டது பாவம் பார்த்து இல்லை, எனக்கு ருசியே தெரியவில்லை. நான் எல்லாவற்றையும் விளையாட்டாக எழுதினேன். அதனால்தான் உன்னாலும் உன்னுடையதைச் சொல்ல முடியவில்லையோ என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். நான் முதலிலேயே "பயமாக இருக்கு அக்கா" என்று எழுதியிருந்தால், நீயும் எழுதியிருப்பாயோ என்னவோ.

பயமாக இருந்தது. போனேன். போன பிறகு பயம் போனது. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

எனக்கு அம்மா இல்லை, அப்பா இல்லை. என்னைத் திட்டுவதற்கு உன்னை விட்டால் வேறு யாரும் இல்லை. தயவுசெய்து போ. அத்தானிடம் சொல்ல வாய் வராவிட்டால் இந்தக் கடிதத்தை அவரிடம் கொடு.

உன் வாலு

---

ஏப்ரல் 3

அக்கா,

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

பள்ளிக்கூடம் பதினைந்தாம் தேதி லீவு விடுகிறது. அதற்குள் நீ போகவில்லை என்றால் நேரே வந்து உன்னைத் துணி மூட்டை மாதிரித் தூக்கிக்கொண்டு போவேன். இப்போது கனம் தூக்கலாம், டாக்டரம்மா அனுமதி கொடுத்துவிட்டார்.

வாலு

---

ஏப்ரல் 9

என் வாலுவுக்கு,

எப்படி இருக்கிறாய்? நான் எப்படி இருக்கிறேன் என்று இந்தத் தடவை உண்மையை எழுதுகிறேன்.

டிசம்பரிலிருந்து பட்டுக்கொண்டிருக்கிறது. வாரத்துக்கு ஒருநாள், இரண்டு நாள். கடை அடைக்கிற ஞாயிற்றுக்கிழமையில் துவைத்துவிடுவேன். ஒவ்வொரு தடவையும் இதுதான் கடைசி என்று நினைப்பேன். நீ சித்தியைப் பற்றி எழுதியதைப் படித்து உன்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. கடிதத்தைக் கிழிக்கப் போனேன். அப்புறம் பிரஷ் கீழே விழுந்த இடத்தைப் படித்துவிட்டுக் கிழிக்கவில்லை. எங்கள் பயந்தாங்கொள்ளி, எல்லாருக்கும் முன்னால் வீறாப்பாகத் திரிவாள், அவளே போய்விட்டு வந்திருக்கிறாள், எனக்கென்ன கேடு என்று தோன்றியது.

வாயால் சொல்ல வரவில்லை. உன் அத்தான் இஸ்திரி போடுகிற மேஜைமேல் கடிதத்தை வைத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டேன். திரும்பி வந்தால் பெட்டி அணைந்து கிடக்கிறது. சட்டையை மாற்றிக்கொண்டு நிற்கிறார். "கிளம்பு, போலாம்" என்றார். பகல் பதினோரு மணிக்குக் கடையைச் சாத்தினோம். முப்பது வருஷத்தில் முதல் தடவை.

ஸ்கேன் எடுத்தார்கள். எனக்கும் உன்னுடையது மாதிரியேதான், உள்ளே ஒரு சதை. இந்த வயதில் எடுத்துப் பரிசோதிக்காமல் எதுவும் சொல்லமாட்டோம் என்கிறார்கள். பதினேழாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள். எத்தனை நாளாக, எவ்வளவு, என்ன நிறம் என்று அந்த டாக்டர் கேட்டார். தேதியோடு எல்லாவற்றையும் கடகடவென்று சொன்னேன். "இவ்வளவு துல்லியமா யாருமே சொன்னதில்லம்மா, ஆனா ஏன் இவ்வளவு நாள் வரல?" என்றார்.

பயமாக இருக்கிறது வாலு. எழுதிவிட்டேன், போதுமா?

அக்கா

---

ஏப்ரல் 12

என் அக்காவுக்கு,

போதும். இந்த ஒரு வரிக்காக உனக்கு ஆயிரம் முத்தம். உன் கடிதத்தைப் பஸ்ஸில் உட்கார்ந்து படித்தேன். பிள்ளைகள் ஏறும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன், "தூசியா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

பதினாறாம் தேதி சாயங்காலம் அங்கே இருப்பேன். நாலு நாள் தங்குவேன். நான் இருக்கும்போது நீ ஒரு கைக்குட்டைகூடத் துவைக்கக்கூடாது. விடுதி விரிப்புகளை நான் பார்த்துக்கொள்கிறேன். மெஷின் என்ன பெரிய மெஷின், நான் பஸ்ஸே ஓட்டுகிறவள்.

முந்தின நாள் இரவு சொன்ன நேரத்துக்குப் பிறகு எதுவும் சாப்பிடாதே, தண்ணீரும் குடிக்காதே. வளையலைக் கழற்றி வை. மயக்கம் தெளிந்ததும் டீ கொடுப்பார்கள், அதற்காகவாவது தைரியமாகப் போ. நேரில் மூன்றாவது நிமிஷம் சண்டை வந்தாலும் நான் கிளம்பமாட்டேன், சொல்லிவிட்டேன்.

உன் வாலு

---

ஏப்ரல் 25

அன்புள்ள வாலு,

நீ பத்திரமாக வீடு சேர்ந்தது தெரிந்து நிம்மதி. எனக்கு வலி சுத்தமாகப் போய்விட்டது. லேசாகப் படுவதும் நேற்றோடு சரி. காலையில் தெருமுனைவரை நடக்கிறேன். பசி எடுக்கிறது. இன்னும் ஒரு வாரத்துக்கு மூட்டை தூக்கக்கூடாது என்பதால் கல்லாவில் உட்கார்ந்து எல்லாரையும் அதிகாரம் பண்ணுகிறேன்.

நீ மடித்து வைத்துவிட்டுப் போன விரிப்புகளை மறுபடி எல்லாவற்றையும் மடித்தேன். கோபித்துக்கொள்ளாதே, அப்படி மடித்தால் எந்த விடுதியும் வாங்காது.

பரிசோதனை முடிவுக்காகத்தான் காத்திருக்கிறோம். நீ சொன்ன அந்தப் பத்து நாள். உன் அத்தான் ஒரே சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போடுகிறார்.

அக்கா

---

மே 1

என் தங்கைக்கு,

ஒன்றுமில்லையாம்டி! கெட்டது எதுவும் இல்லையாம். ஆறு மாதம் கழித்து ஒரு தடவை வந்து காட்டினால் போதும், மறுபடி எப்போதாவது பட்டால் மட்டும் அன்றைக்கே ஓடி வரவேண்டும் என்று டாக்டர் சொன்னார். "இனிமே ஓடி வந்துடுவேன்" என்றேன்.

வெளியே வந்து வராண்டா பெஞ்சில் உட்கார்ந்தோம். உன் அத்தான் அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார், "எனக்கு ஜனவரியிலேயே தெரியும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கொடியில் ஈரத்தோடு கிடந்த நைட்டியைப் பார்த்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தனியாகத் துவைப்பதைப் பார்த்திருக்கிறார். ஒரே வீட்டில், ஒரே மேஜையில் சாப்பிட்டுக்கொண்டு, நாலு மாதம் நான் அவரிடம் மறைத்திருக்கிறேன், அவர் என்னிடம் மறைத்திருக்கிறார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "தெரிஞ்சா ஏன்யா கேக்கல?" என்று சத்தம் போட்டேன். வராண்டாவில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

தலையைக் குனிந்துகொண்டே சொன்னார், "கேட்டா நீ ஆமான்னு சொல்லிடுவியோன்னு பயமா இருந்துச்சு."

அதற்குமேல் என்னால் திட்ட முடியவில்லை. இரண்டு பேரும் அந்தப் பெஞ்சிலேயே அழுதோம். கெட்ட சேதி என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்த அம்மா என் முதுகைத் தடவிக்கொடுத்தார். இல்லைங்க, நல்ல சேதிதான் என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

இனிமேல் எதுவாக இருந்தாலும் வாயைத் திறந்து கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அவருடைய தோளுக்கு வரும் வியாழக்கிழமை டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன், இந்தத் தடவை "போலாம், போலாம்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

இன்று காலையில் கடை திறக்கும்போது, சாவியைக் கையில் வைத்துக்கொண்டே, புது மாப்பிள்ளை மாதிரித் தயங்கித் தயங்கி, "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

நல்லா இருக்கேன் என்றேன். நிஜமாகவே நல்லாத்தான் இருக்கேன்.

அக்கா